இணைப்பு வந்தால் மட்டும் போதுமா?

வங்கிக் கிளையின் முகப்பில் நிற்கும்போது, "இணைப்பு வரவில்லை, சற்றுப் பொறுத்திருங்கள்" என்ற சொற்களைக் கேளாத வாடிக்கையாளர் இருக்க முடியாது. கையில் செலான், மனத்தில் அவசரம், எதிரே அசையாத திரை. நாம் ஒரே சொல்லில் 'இணைப்பு' என்று கூறிவிடுவது உண்மையில் ஒரு பொருள் அன்று. ஊழியரின் திரைக்கும், நமது கணக்கைக் காத்து நிற்கும் மையக் கணினிக்கும் இடையே பல செய்திகளில் உடன்பாடு ஏற்பட்டால்தான் அது உண்டாகிறது. அவற்றுள் ஒன்று பிழையானால் இணைப்பு கிடைக்காது. மற்றொன்று பிழையானாலோ இணைப்பு கிடைத்துவிடும். ஆனால் எதனோடு கிடைத்தது என்பது தெரியாமற்போகும். இவ்விரண்டில் அஞ்சத்தக்கது இரண்டாவதே. அதை விளங்கிக்கொள்வதே இம்முறை நமது பாடம்.

ஏன் கோந்த்வா?

இப்பாடத்திற்குரிய இடமாகப் புணே நகரின் தென்பகுதியிலுள்ள கோந்த்வாவைத் தேர்ந்துகொள்கிறோம். கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் என அது இரு பகுதிகளாக வழங்குகிறது. மராட்டிய ஊர்ப்பெயர்களில் 'குர்த்' என்பது சிறியதையும், 'புத்ருக்' என்பது பெரியதையும் குறிக்கும். சிறிய கோந்த்வாவில்தான் தேசிய வங்கி மேலாண்மை நிறுவனம் அமைந்துள்ளது. மத்திய அரசுடன் கலந்து ரிசர்வ் வங்கி இதை 1969இல் தோற்றுவித்தது. 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையான அதே ஆண்டில், வங்கியாளர்களுக்குக் கற்பிக்கவும் ஆராயவும் இந்நிறுவனம் பிறந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் 'என்ஐபிஎம் சாலை' என்றே அங்குள்ள முதன்மைச் சாலை அழைக்கப்படுகிறது.

அச்சாலையைச் சூழ இன்று அடுக்ககங்கள் நிறைந்துள்ளன. புணேயின் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் பலர் அவற்றில் குடியிருக்கின்றனர். அவர்களுள் ஒருவரை நாம் கற்பனையாக எண்ணிக்கொள்வோம். இலண்டனிலுள்ள ஒரு வங்கியின் மையக் கணினியைப் பராமரிக்கும் குழுவில் அவர் ஒரு பொறியாளர். அலுவலகம் புதிய மடிக்கணினி ஒன்றை அளித்திருக்கிறது. இரவு உணவை முடித்துவிட்டு, வீட்டு மேசையில் அமர்ந்து, அவர் முதன்முறையாக இணைப்பை அமைக்கத் தொடங்குகிறார். அவருடன் நாமும் அமர்வோம்.

திரை இங்கே, கணக்கு அங்கே

பெரிய வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், விமான நிறுவனங்கள் ஆகியவற்றின் கணக்குகளைச் சுமக்கும் பெருங்கணினியை 'மெயின்ஃப்ரேம்' என்பர். அதனோடு உரையாட 1971இல் ஐபிஎம் நிறுவனம் '3270' என்னும் முனைய வரிசையை வெளியிட்டது. திரையும் விசைப்பலகையும் கொண்ட அம்முனையத்தில் கணக்கு எதுவும் இராது. கணக்கு முழுவதும் மையத்தில் இருந்தது.

அதன் இயல்பை விளக்க வங்கியிலேயே ஓர் உவமை உண்டு. பணம் செலுத்த வருபவர் பெயர், கணக்கு எண், தொகை ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஊழியரிடம் உரக்கச் சொல்வதில்லை. செலானை முழுமையாக நிரப்பி, ஒரே முறையில் நீட்டுகிறார். 3270 முனையமும் அவ்வாறே. கட்டங்களை ஊழியர் நிரப்பும்வரை மையம் அமைதியாக இருக்கும். 'என்டர்' விசையை அழுத்தியபின் நிரப்பப்பட்டவை மொத்தமாகச் சென்று சேரும். யூனிக்ஸ் கணினிகளில் வழங்கிய விடி வகை முனையங்களோ தட்டப்படும் ஒவ்வோர் எழுத்தையும் உடனுக்குடன் அனுப்புபவை. நமது நாட்டில் ஐபிஎம் 1978இல் வெளியேறியது. டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் அளித்த அறிக்கையை ஒட்டி வங்கிக் கிளைகளில் கணினிமயம் தொடங்கியது. இந்திய வங்கிகள் பலவற்றில் யூனிக்ஸ் வகை இயந்திரங்களே இடம்பெற்றன. முனையத்தின் வகை வேறானாலும், இணைப்பு கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே.

மேசைக் கணினிகள் பரவியபின் அந்தப் பழைய முனையங்கள் மறைந்தன. அவற்றைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் அவற்றின் இடத்தைப் பிடித்தது. அதையே முனையப் போன்மி எனலாம். மேசைக் கணினி முனைய வேடம் பூணுகிறது; எதிரே இருப்பது 3270 முனையம் என்றே மையம் நம்புகிறது. இணைய வழியில் இவ்வுரையாடலை நடத்தும் முறைக்கு 'டிஎன்3270' என்று பெயர். அதன் நடைமுறை 1994இல் ஆவணமாயிற்று. விரிவுபடுத்தப்பட்ட வடிவத்தின் திருத்திய வரையறை 1998இல் வெளிவந்தது.

ஆறு அமைவுகள்

நமது பொறியாளர் முதலில் நிறுவனத்தின் தனிவழி வலையமைப்புக்குள் நுழைகிறார். பின் போன்மியைத் திறக்கிறார். 'புதிய இணைப்பு' என்ற பக்கத்தில் அவர் நிரப்பவேண்டியவை முதன்மையாக ஆறு.

முதலாவது, முகவரி. மையக் கணினி எங்கே உள்ளது என்ற கேள்விக்கு எண்ணாலும் விடை எழுதலாம், பெயராலும் எழுதலாம். பெயரை எழுதுவதே சிறந்த முறை. வங்கிகள் முதன்மைத் தரவு மையத்துடன் வேறோர் இடத்தில் மாற்று மையத்தையும் வைத்திருக்கின்றன. இடர் வந்தாலும், இடர்க்கால ஒத்திகை நடந்தாலும், பணிகள் மாற்று மையத்துக்கு நகரும். பெயரை எழுதியவருக்கு வலையமைப்பின் பெயர்ப்பதிவு புதிய இடத்தைக் காட்டித் தரும். எண்ணை எழுதியவரோ, குடியிருந்தவர் சென்றுவிட்ட வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது, போர்ட் எண். ஒரே கட்டடத்தில் பல சாளரங்கள் இருப்பதுபோல, ஒரே முகவரியில் பல வாயில்கள் உண்டு. டெல்நெட் வழக்கப்படி 23 என்பது திறந்த வாயில். அதன் வழியே செல்வன யாவும், கடவுச்சொல் உட்பட, மறைக்கப்படாமலே செல்லும். 992 என்பது மறையாக்கம் செய்யப்பட்ட வாயில். நிறுவனங்கள் தமக்கென வேறு எண்ணையும் வகுத்துக்கொள்வதுண்டு.

மூன்றாவது, திரையின் வகை. 'மாடல் 2' என்றால் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள், ஆக 1920 இடங்கள். 'மாடல் 3' 32 வரிகளையும், 'மாடல் 4' 43 வரிகளையும் கொண்டவை. 'மாடல் 5' என்பது 27 வரிகளும், வரிக்கு 132 எழுத்துகளும் உடைய அகன்ற திரை. அகன்ற அறிக்கையைச் சிறிய திரையில் திறந்தால், வலப்புறம் நகர்த்தி நகர்த்திப் படிக்கவேண்டும். கணக்கரின் பெயர் ஒரு பக்கத்திலும், நிலுவைத் தொகை மறு பக்கத்திலுமாகப் பிரிந்துவிடும். வரி மாறிப் படிக்கும் பிழைக்கு இதுவே வித்து.

நான்காவது, முனையத்தின் பெயர். இதை 'எல்யூ பெயர்' என்பர். பணியாளருக்குரிய பயனர் பெயர் வேறு, இது வேறு. இது மேசைக்கு இடப்படும் பெயர். சில மையங்கள் பொதுத் தொகுப்பிலிருந்து ஒரு பெயரைத் தாமே வழங்கும். சில, குறித்த மேசைக்குக் குறித்த பெயர் என வரையறுக்கும். ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திவரும் பெயரை மற்றொருவர் கேட்டால் மையம் மறுக்கும். அச்சுப்பொறிக்கும் இத்தகைய பெயர் உண்டு. அது மாறி எழுதப்பட்டால், ஒரு மேசைக்குரிய கணக்கு அறிக்கை வேறொரு மேசையில் அச்சாகி விழக்கூடும். ஒருவரது நிலுவை மற்றொருவர் கண்ணில் படுவதற்கு, திருட்டே தேவையில்லை, கவனக்குறைவே போதும்.

ஐந்தாவது, எழுத்துக் குறியீட்டுப் பக்கம். மேசைக் கணினிகள் ஆங்கில எழுத்துகளை 'ஆஸ்கி' வழியில் எண்களாக்குகின்றன. மெயின்ஃப்ரேம்கள் 'எப்சிடிக்' வழியைப் பின்பற்றுகின்றன. எப்சிடிக்கிலும் நாட்டுக்கு நாடு சிறு வேறுபாடுகள் உண்டு. அமெரிக்கப் பக்கத்தின் எண் 037. பிரித்தானியப் பக்கத்தின் எண் 285. அமெரிக்கப் பக்கத்தில் டாலர் குறி அமர்ந்திருக்கும் இடத்தில், பிரித்தானியப் பக்கத்தில் பவுண்டு குறி இருக்கிறது. பிரித்தானிய டாலர் குறியின் இடத்திலோ அமெரிக்கச் சென்ட் குறி இருக்கிறது. நமது பொறியாளர் இலண்டன் வங்கிக்கு அமெரிக்கப் பக்கத்தைத் தெரிவு செய்துவிட்டால், பவுண்டுகள் டாலர்களாகவும், டாலர்கள் சென்ட்டுகளாகவும் அவர் திரையில் தோன்றும். இலக்கங்கள் இரு பக்கங்களிலும் ஒரே இடத்தில் இருப்பதால் தொகை சற்றும் மாறாது. அதனாலேயே பிழை எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. அவர் டாலர் எனத் தட்டுவதும் மையத்தில் பவுண்டாகப் பதியும். தமிழரான உதயகுமார் வடிவமைத்து, 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்ற நமது ரூபாய்க் குறிக்கு இந்தப் பழைய பக்கங்களில் இடமே இல்லை.

ஆறாவது, பூட்டும் சான்றும். 'டிஎல்எஸ்' என்னும் மறையாக்க முறை இரு பணிகளைச் செய்கிறது. வழியில் செல்லும் செய்தியைப் பிறர் படிக்க இயலாதவாறு மறைப்பது ஒன்று. எதிரே இருப்பது உண்மையான மையக் கணினிதானா என்று சான்றிதழைக் கேட்டுச் சரிபார்ப்பது மற்றொன்று. சான்றைச் சரிபார்ப்பதை நிறுத்திவைக்கும் அமைவு பல மென்பொருள்களில் உண்டு. அதை நிறுத்தினாலும் மறையாக்கம் தொடரும். ஆனால் உறையை ஒட்டி, முத்திரையிட்டு, முகம் அறியாத ஒருவரிடம் கொடுப்பது போன்றது அது. வழியில் எவரும் படிக்கவில்லை என்பது உண்மை. பெற்றுக்கொண்டவர் யார் என்பது மட்டும் தெரியாது.

பழுதைப் படிக்கும் முறை

இணைப்பு வராதபோது அமைவுகளை மனம்போனபடி மாற்றுவது வீண். வரிசையாகப் படிக்கவேண்டும்.

பெயர் அறியப்படவில்லை என்ற செய்தி வந்தால், முகவரியையும் தனிவழி வலையமைப்பையும் நோக்கவேண்டும். இணைப்பு உடனே மறுக்கப்பட்டால், போர்ட் எண்ணை நோக்கவேண்டும். மறுப்பும் இன்றி, திரையும் இன்றி, நெடுநேரம் வெறுமை நிலவினால், மறையாக்க வாயிலில் மறையாக்கம் இன்றி நுழைந்திருக்கக்கூடும். அவ்வேளையில் மையம் மறையாக்க வணக்கத்தை எதிர்பார்த்திருக்கும். முனையம் மையத்தின் முதற்சொல்லை எதிர்பார்த்திருக்கும். இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தபடி மௌனமாக இருப்பர். வாயில் திறந்தும் அமர்வு மறுக்கப்பட்டால், எல்யூ பெயரை நோக்கவேண்டும். திரை வந்தும் சில குறிகள் மாறியிருந்தால், எழுத்துப் பக்கத்தை நோக்கவேண்டும்.

திரையின் அடிவரிசையும் பேசும். அங்கே பெருக்கல் குறி போன்ற அடையாளமும் கடிகாரமும் தோன்றினால், மையம் விடையளிக்கும்வரை விசைப்பலகை பூட்டப்பட்டுள்ளது என்று பொருள். அப்போது மீண்டும் மீண்டும் தட்டுவதால் பயனில்லை. பொறுத்திருக்குமாறு ஊழியர் நம்மிடம் சொல்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

மற்றொரு குழப்பத்தையும் இங்கே நீக்கிவிடலாம். நெடுநேரம் அசைவற்றிருக்கும் இணைப்பை இடைவழித் தடுப்பரண்கள் துண்டித்துவிடுவதுண்டு. அதைத் தவிர்க்க, உயிர்ப்புச் செய்திகளை இடையிடையே அனுப்பும் அமைவு உதவும். இணைப்பு உயிரோடு இருப்பது வேறு. ஆளில்லாத மேசையில் அமர்வு திறந்தே கிடப்பது வேறு. முன்னதை நீட்டிக்கலாம், பின்னது குறித்த நேரத்தில் பூட்டப்படவே வேண்டும்.

இப்போது நமது பொறியாளரின் திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றுகிறது: 'எதிர்முனையின் சான்றிதழைச் சரிபார்க்க இயலவில்லை. தொடரலாமா?' இலண்டனில் அலுவல் நேரம் முடியப்போகிறது. முடிக்கவேண்டிய பணி காத்திருக்கிறது. ஒரு சொடுக்கில் திரை வந்துவிடும். நிறுவனத்தின் வேர்ச்சான்றிதழ் புதிய மடிக்கணினியில் நிறுவப்படாததே காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். எனினும் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பிப் பிறர் பணத்தின் வாயிலைத் திறக்கலாகாது. அவர் உதவி மையத்தை அழைத்து, சான்றிதழை முறைப்படி பெற்று, அரைமணி நேரம் தாமதமாக நுழைவதே முறை. அந்த அரைமணியின் மதிப்பை அவர் வாழும் நகரமே அறியும்.

புணே கற்ற பாடம்

புணேயைத் தலைமையிடமாகக் கொண்ட காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி 1906இல் தோன்றியது. 2018 ஆகஸ்ட் 11 அன்று அவ்வங்கியின் ஏடிஎம் கட்டமைப்பு இணையத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. போலி அட்டைகளைக் கொண்டு 28 நாடுகளில் சில மணி நேரத்துக்குள் பல்லாயிரம் முறை பணம் எடுக்கப்பட்டது. இரு நாள் கழித்து, ஸ்விஃப்ட் வழியே ஹாங்காங்கிலுள்ள ஒரு கணக்குக்கு ஏறத்தாழ 13.9 கோடி ரூபாய் சென்றது. மொத்த இழப்பு 94 கோடி ரூபாயைக் கடந்தது.

அது நடந்த விதமே நமது பாடத்திற்கு உரியது. அட்டையைச் செருகியவுடன், பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி ஏடிஎம் இணைப்பகத்தின் வழியே வங்கியின் மைய அமைப்புக்குச் செல்லவேண்டும். தாக்கியவர்கள் போலி இணைப்பகம் ஒன்றை இடையே நிறுத்தினர். மையத்துக்குப் போகவேண்டிய கேள்விகளை அது வழிமறித்து, 'கொடுக்கலாம்' என்று தானே விடையளித்தது. உண்மையான மையம் அக்கேள்விகளைக் கேட்கவே இல்லை. வெளியிலிருந்து காண்பவர்க்கு இணைப்பில் குறை ஏதும் தெரியாது. கேள்வி சென்றது, விடை வந்தது, பணம் வந்தது. எதிர்முனையில் இருந்தது யார் என்பது ஒன்றே பிழை.

அத்தாக்குதல் முனையப் போன்மியின் வழியே நிகழ்ந்தது என்று நாம் கூறவில்லை. ஏடிஎம் கட்டமைப்பு வேறு, முனையம் வேறு. ஆயினும் இரண்டிலும் காக்கவேண்டிய இடம் ஒன்றே. கேட்பவர் தாம் யாரிடம் கேட்கிறோம் என்பதையும், விடையளிப்பவர் தமக்கு அந்த உரிமை உண்டு என்பதையும் மெய்ப்பிக்கவேண்டும். கோந்த்வாவின் மேசையில் தோன்றிய அச்சிறு எச்சரிக்கையும் இதையே கேட்டது.

வாடிக்கையாளருக்கு என்ன பயன்?

மெயின்ஃப்ரேமையே காணாத நமக்கு இப்பாடம் எதற்கு என்று வாசகர் வினவலாம். நமது கைப்பேசியும் இன்று ஒரு முனையமே. கணக்கு அங்கே மையத்தில் இருக்கிறது. திரை மட்டுமே நம் கையில் இருக்கிறது. மேற்கூறிய கேள்விகள் நமக்கும் பொருந்தும்.

முகவரியை நாமே உறுதி செய்யவேண்டும். குறுஞ்செய்தியில் வந்த சுட்டியைத் தொட்டு வங்கித் தளத்துக்குச் செல்லலாகாது. வங்கிகள் தங்கள் இணைய வங்கித் தளங்களை 'டாட் பேங்க் டாட் இன்' என முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற்றவேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது. அம்முடிவைப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

உலாவி சான்றிதழ் எச்சரிக்கை காட்டினால், வங்கித் தளத்தைப் பொறுத்தவரை அது நுழையலாகாது என்பதற்கான அறிவிப்பே. பூட்டுக் குறி மட்டும் இருந்தால் போதாது என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும். போலித் தளங்களும் பூட்டுக் குறியுடன் வருவதுண்டு. பூட்டையும் முகவரியையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

இணைப்பைச் சரிசெய்து தருவதாகக் கூறி, திரையைப் பகிரும் செயலியை நிறுவுமாறு தொலைபேசியில் எவரேனும் கேட்டால் மறுத்துவிடவேண்டும். நமது முனையத்தை அவர் மேசைக்கு மாற்றிக்கொள்ளும் வழி அது. கடவுச்சொல்லும் ஒருமுறைக் கடவெண்ணும் வங்கி ஊழியர்க்கும் உரியன அல்ல. பொதுக் கணினியில் பணி முடிந்தபின் பக்கத்தை மூடுவது போதாது, முறைப்படி வெளியேறவேண்டும்.

அங்கீகாரமற்ற பரிவர்த்தனை நிகழ்ந்துவிட்டால் தாமதம் கூடாது. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறின்றி, பிறிதோரிடத்தில் நேர்ந்த மீறலால் பணம் போயிருந்தால், வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலைநாட்களுக்குள் முறையிடுபவருக்குப் பொறுப்பு ஏதும் இல்லை என்று 2017 ஜூலை 6ஆம் நாளிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை வகுத்தது. கடவெண்ணைத் தாமே பிறரிடம் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு வாடிக்கையாளரையே சாரும் என்றும் அது கூறியது. வங்கிக்குத் தெரிவிப்பதுடன், இணையவழி நிதி மோசடிகளுக்கான 1930 என்னும் உதவி எண்ணையும் உடனே அழைக்கலாம்.

அடுத்த முறை கிளையில் "இணைப்பு வரவில்லை" என்ற சொற்கள் காதில் விழும்போது, திரைக்குப் பின்னால் ஆறு கேள்விகளுக்கு விடை தேடப்படுகிறது என்பதை நினைவுகூர்வோம். விடை கிடைக்காததால் நிற்கும் இணைப்பு நமது நேரத்தை எடுத்துக்கொள்கிறது. விடை கேளாமலே திறக்கும் இணைப்பு நமது பணத்தை எடுத்துச்செல்லக்கூடும். சற்றுப் பொறுத்திருப்பதே நலம்.